கொல்லிமலையில் ஒரு படி சாமை

கொல்லிமலை என்றதும் நம் நண்பர்களுக்கு ஞாபகம் வருவது 70 கொண்டை ஊசி வளைவுகளும், பாதி வழியில் யாராவது வாந்தி எடுத்ததும்தான். ஆகாய கங்கையில் குளித்துவிட்டு, சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசியும் பலாவும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவோம். ஆனால் அந்த மலையின் கதை பெரிது.

சங்க காலத்தில் இது வல்வில் ஓரியின் நாடு. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்த வில்லாளி அவன் என்பார்கள். புறநானூற்றில் வன்பரணர் பாடியது. மெக்கானிக்ஸ் படித்த நமக்குக் கணக்கு உதைக்கிறது. போகட்டும், புலவரோடு என்ன சண்டை! அந்த ஓரியையும் மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். இன்றும் ஆடி மாதத்தில் அரசு ஓரிக்கு விழா எடுக்கிறது. ஆடிப்பெருக்கன்று அய்யாற்றில் முழுகி அறப்பளீஸ்வரரைக் கும்பிட அப்படியொரு கூட்டம். அங்கே ஆற்று மீனை யாரும் பிடிப்பதில்லை, அது சாமி மீன். பொரி போடலாம், அவ்வளவுதான்.

மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன், பச்சைமலை, கொல்லி என்று மூன்று மலைகளில் குடியேறியதாக அவர்களே சொல்லிவரும் கதை. ஊர்களைச் சேர்த்து 'நாடு' என்பார்கள்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு.

இவர்களுடைய பழைய சோறு சாமை, தினை, கேழ்வரகு. சரிவு நிலத்தில் மழையை மட்டும் நம்பி விளைபவை. பிறகு மரவள்ளி வந்தது. கிழங்கை லாரியில் ஏற்றினால் சேலம், ஆத்தூர், ராசிபுரம் ஜவ்வரிசி ஆலைகள் கையில் காசு கொடுத்துவிடும். சாமைக்கு யார் கொடுத்தார்கள்? காப்பியும், சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகும் வேறு இடத்தைப் பிடித்துக்கொண்டன. 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். சாமைக் காடு சுருங்கிப்போனதில் ஆச்சரியம் இல்லை.

இதில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்கவேண்டிய காரணம் இன்னொன்று உண்டு. சாமையின் உமி லேசில் கழலாது. உரலில் போட்டு உலக்கையால் குத்தவேண்டும், புடைக்கவேண்டும், மறுபடி குத்தவேண்டும். எல்லாம் பெண்கள் தலையில். ரேஷன் அரிசி கையில் இருக்கும்போது எந்தத் தாய் இதற்கு உட்காருவாள்? 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையில் வேலை செய்து, சுய உதவிக் குழுக்களிடம் சிறிய உமி நீக்கும் இயந்திரங்களைக் கொடுத்தது. விதை வங்கிகளும் வைத்தார்கள். எனக்கென்னவோ, கருத்தரங்கங்களைவிட அந்த மெஷின்தான் சாமைக்கு அதிகம் செய்தது என்று தோன்றுகிறது.

2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, சென்னைக் கடைகளில் சாமை பளபளக்கும் பாக்கெட்டில், அரிசியைவிடக் கூடுதல் விலையில் வந்துவிட்டது. மலையிலோ, மெஷினில் ஒரு பெல்ட் அறுந்தாலும், ஒரு சல்லடை கிழிந்தாலும் 70 வளைவும் இறங்கித்தான் ஆள் வரவேண்டும். அதுவரை உலக்கைதான். நம் மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் அடுத்த முறை அருவிக்குப் போகும்போது, பையில் இரண்டு ஸ்பானர் போட்டுக்கொண்டு போனால் என்ன?