பாலமும் தண்ணீரும்: இரண்டு வழக்குகள்

1856 மே மாதம், மிசிசிப்பி ஆற்றின் ராக் ஐலண்ட் ரயில் பாலத் தூணில் எஃபி ஆஃப்டன் என்ற நீராவிக் கப்பல் மோதி எரிந்தது. பாலத்தில் முதல் ரயில் ஓடி இரண்டே வாரம்தான்! போக்குவரத்துள்ள ஆற்றைப் பாலம் மறிக்கிறது என்று கப்பல்காரர் வழக்குப் போட்டார். பாலத்துக்காக வாதாடியவர் ஆபிரகாம் லிங்கன். 1857-ல் ஜூரிகளிடையே ஒருமித்த முடிவு வரவில்லை.

சேலத்திலிருந்து ஈரோடு போகிற ரயில் பள்ளிபாளையம் பக்கம் காவிரியைத் தாண்டுகிறது. 1860-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட பாதை அது. அங்கே ஆற்றில் போனது பரிசல். பரிசலுக்குத் தூண் ஒரு தடையா என்ன?

அதே கம்பெனிக்குத் தண்ணீரால் தகராறு வந்தது வட ஆற்காட்டில். கார்வேட்டிநகரம் ஜமீனில் இரண்டு ஏரிகள் உடைந்து ரயில் பாலங்கள் சேதமாயின. கம்பெனி ஜமீன்தாரிடம் நஷ்டஈடு கேட்டது. தண்ணீரைத் தேக்கி வைத்தவரே அது வெளியேறினால் பொறுப்பு என்று இங்கிலாந்தில் 1868-ல்தான் ரைலண்ட்ஸ் வழக்கில் தீர்ப்பாகியிருந்தது. கம்பெனிக்கு வசதியான தீர்ப்பு.

1874-ல் பிரிவி கவுன்சில் அதை இங்கே பொருத்த மறுத்துவிட்டது. இவை பழங்காலப் பாசன ஏரிகள். ஜனங்கள் பிழைப்பதே இவற்றால். ஜமீன்தார் நினைத்தாலும் மூட முடியாது, பராமரிப்பது அவர் கடமை. கவனக்குறைவு இருந்தால்தான் பொறுப்பு. அப்படி எதுவும் நிரூபணமாகவில்லை. லண்டனில் உட்கார்ந்திருந்த நீதிபதிகள் ரயிலைவிட ஏரியைப் பெரிதாக எண்ணியது ஆச்சரியம்தான். கம்பெனி தோற்றது.