திறந்து கிடந்த 1434

2003, ஜனவரி 25. சனிக்கிழமை. இந்தியாவில் மணி காலை பதினொன்று.

உலகமெங்கும் இன்டர்நெட்டுக்கு மூச்சுத் திணற ஆரம்பித்தது. தென்கொரியாவே ஸ்தம்பித்தது. பேங்க் ஆஃப் அமெரிக்காவின் சுமார் 13,000 ஏ.டி.எம்.களில் பணம் எடுக்க முடியவில்லை. சியாட்டிலுக்கு அருகே 911 அவசர உதவி மையத்தில் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட, ஊழியர்கள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார்கள்.

இத்தனையையும் செய்தது வெறும் 376 பைட் அளவுள்ள ஒரு பொடியன். ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி டைப் செய்தால் தீர்ந்துபோகிற அளவு! பெயர், ஸ்லாமர்.

எப்படி நுழைந்தான்?

ஒரு சர்வரை பெரிய கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அறுபத்தைந்தாயிரத்துக்கும் மேல் கதவுகள். எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. இவற்றைத்தான் போர்ட் என்கிறார்கள். வெப்சைட் பார்க்க வருகிறவருக்கு 80. மெயிலுக்கு 25. மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் 1434-ஆம் கதவருகே ஒரு ரிசப்ஷனிஸ்ட் இருப்பார். வருகிறவர்களுக்கு, 'நீங்க தேடற டேட்டாபேஸ் அந்தப் பக்கம்' என்று வழி சொல்வது மட்டுமே அவர் வேலை.

அவரிடம் ஒரு கோளாறு. அளவுக்கு மீறி நீளமான கடிதத்தைக் கொடுத்தால் தலைசுற்றி, அதில் எழுதியிருப்பதை அப்படியே செய்துவிடுவார். டேவிட் லிட்ச்ஃபீல்ட் என்ற நிபுணர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். 2002 ஜூலையிலேயே மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்யும் 'பேட்ச்' வெளியிட்டது.

அதாவது, மருந்து வந்து ஆறு மாதம் கழித்துத்தான் நோயே வந்தது!

வந்த வேகம்தான் பயங்கரம். ஆரம்பத்தில் எட்டரை விநாடிக்கு ஒருமுறை இரண்டு மடங்கானான். பத்தே நிமிடத்தில், மாட்டக்கூடிய மெஷின்களில் 90 சதவீதம் காலி. குறைந்தது 75,000 கம்ப்யூட்டர்கள்.

ஏன் பூட்டவில்லை? பலருக்குத் தங்கள் வீட்டில் அப்படியொரு கதவு இருப்பதே தெரியாது. வேறு ஏதோ சாஃப்ட்வேரை வாங்கி நிறுவியிருப்பார்கள். அதன் வயிற்றுக்குள் எஸ்.க்யூ.எல். சர்வரின் தம்பி ஒருவன் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருப்பான்.

ஒஹையோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையம். அதன் முன்வாசல் ஃபயர்வால் 1434-ஐ ஒழுங்காகத்தான் மூடி வைத்திருந்தது. ஆனால், ஒரு கான்ட்ராக்டர் கம்பெனியிலிருந்து தனியாக ஒரு லைன் ஃபயர்வாலைத் தொடாமல் நேரே உள்ளே போனது. ஸ்லாமர் அந்தக் கொல்லைப்புற வழியாக வந்தான். பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஊமையாகிவிட்டது.

நல்லவேளை, வேறொரு பழுதுக்காக 2002-லிருந்தே அந்த உலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்தால்?

உங்கள் பொறுப்பில் ஒரு சர்வர் இருக்கிறதா? 'நெட்ஸ்டாட்' என்று ஒரு கட்டளை உண்டு. எந்தெந்தக் கதவருகே யார் காத்திருக்கிறார்கள் என்று உள்ளேயிருந்து காட்டும். 1997-ல் வந்த 'என்மேப்' வெளியிலிருந்து தட்டிப் பார்த்துச் சொல்லும். இரண்டு கணக்கும் வேண்டும். தேவையில்லாததை மூடுங்கள். தேவையான கதவில் யார் வரலாம் என்று வரையறுங்கள். பேட்ச் வந்தால் அன்றே போடுங்கள்.

முன்வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தானே தூங்கப் போகிறோம்? கொல்லைப்புறத்தையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.