வேப்பிலைக்கு முந்தும் அம்மை

குறிஞ்சிப்பாடியின் தறி வீடுகளிலும், அதற்கு மேற்கே வடலூர், நெய்வேலி வரையுள்ள ஊர்களிலும் பிள்ளைக்கு அம்மை வார்த்தால் என்ன செய்வது என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாட்கள் உள்ளே வர மாட்டார்கள். வீட்டார் விசேஷங்களுக்குப் போக மாட்டார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றுவிடும். பிள்ளைக்கு இளநீரும் கூழும் மோரும் கொடுத்து, வேப்பங்கொத்தால் வருடி, மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, அம்மை இறங்கிய பின் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர்கள் இந்த வழக்கத்துக்குள் இருந்த அனுபவ அறிவைப் பார்க்கவில்லை. பெரியம்மை பெரும்பாலும் உடம்பில் புண்கள் தோன்றும் சமயத்தில்தான் அடுத்தவருக்குப் பரவத் தொடங்கும். அந்த நேரத்தில் வேப்பிலை கட்டி வீட்டை ஒதுக்கி வைத்தால் தெருவுக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்திருக்கும். தட்டம்மை வேறு வகை. மணல்வாரி என்று நம் பெரியவர்கள் சொல்லும் அந்தச் செந்தடிப்பு தோலில் தெரிவதற்கு நான்கு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடுகிறது. அப்போது பிள்ளைக்கு இருப்பது காய்ச்சலும் சளியும் இருமலும் சிவந்த கண்ணும் மட்டுமே. பிள்ளை இருமிவிட்டு வெளியேறிய அறையின் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம் வரை உயிரோடு இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவே ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுக்க முடியும். வாசலில் வேப்பிலை ஏறும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உடம்புக்குள் நோய் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த ஒரு செய்தியை ஒரு தாயிடம் உட்கார்ந்து சொன்னால், அவர் நம்பும் தெய்வத்தையோ அவர் மாமியார் கற்றுக்கொடுத்த பக்குவத்தையோ பழிக்க வேண்டிய தேவையே எழாது. வழக்கம் ஒரு நோய்க்குப் பொருந்தியது, இன்னொரு நோய் அதை முந்திவிடுகிறது, அந்த நோயை முந்துவது தடுப்பூசி ஒன்றுதான். குடும்பங்கள் தங்கள் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து முடிவெடுக்கின்றன. கண்ணுக்குத் தெரியாததை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் மருத்துவத்தின் வேலை. ஆனால் அம்மைத் தடுப்பின் இருநூறு ஆண்டு வரலாறு நெடுகிலும், எடுத்துச் சொல்வதற்குப் பதிலாகக் குறுக்குவழி தேடியதையே அதிகம் காண்கிறோம்.

முதல் குறுக்குவழி நல்லெண்ணத்தில் பிறந்த பொய். 1802இல் பம்பாயில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு, பெரியம்மையைத் தடுக்க ஆங்கில மருத்துவர் ஜென்னரின் மாட்டம்மைப் பால் வைக்கப்பட்டது. விரைவில் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இங்கே மக்கள் தயங்கினார்கள். அப்போது, திருக்குறளில் தோய்ந்தவரும் திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று முதலில் எடுத்துக்காட்டியவருமான எல்லிஸ் துரை, பசுவிலிருந்து வரும் இந்த மருந்தைப் புகழ்ந்து சமஸ்கிருதத்தில் ஒரு சிறு கவிதை எழுதி, பழைய தாளில் பொறிக்கச் செய்து, தொன்மையான ஏடு கிடைத்ததுபோல் காட்டினார் என்று அக்காலத்தவர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். எல்லிஸின் புலமையின் மேல் எனக்குப் பெரு மதிப்பு உண்டு. ஆனாலும் இந்தச் செயல் மக்களின் அறிவைக் குறைத்து எடைபோட்டது. இரண்டாவது குறுக்குவழி கட்டாயம். 1884இல் சென்னை மாகாணத்துக்குத் தடுப்பூசிச் சட்டம் வந்தது. பெரியம்மை ஒழிந்ததற்குச் சட்டம் உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மை குத்த வருகிறவரைக் கண்டு பிள்ளைகளை ஒளித்துவைத்த பழக்கமும் அந்தக் காலத்தின் சொத்துதான். அன்று விதைத்த சந்தேகம், 1975இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி குணமான பிறகும் முழுவதுமாக மறையவில்லை.

தட்டம்மைத் தடுப்பூசி உலகில் 1963இல் வந்தது. இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் 1985இல் சேர்ந்தது. தமிழ்நாடு அதில் முன்னணியில் நின்றது. பிறகு 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு கைக்குழந்தைகள் ஒரே நாளில் இறந்தன. அதைத் தொடர்ந்து, கிராமத்திலேயே போட்டுவந்த ஊசியை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து போட்டுக்கொள்ளும்படி அரசு மாற்றியது. எச்சரிக்கையில் பிறந்த முடிவு அது; குறை சொல்வதற்கில்லை. ஆனால் கூலிக்குத் தார் சுற்றும் ஒரு பெண்ணுக்கு, பேருந்தேறிப் போய் வரிசையில் நின்று திரும்புவது ஒரு நாள் கூலி. என்ன நடந்தது, இனி எது மாறும் என்ற விளக்கம் அவர் வீடுவரை வரவும் இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, எல்லாத் தடுப்பூசிகளும் பெற்ற குழந்தைகள் 2005-06இல் தமிழ்நாட்டில் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7 சதவீதம். பத்தாண்டுச் சரிவு முழுவதையும் அந்த ஒரு சம்பவத்தின் தலையில் சுமத்த முடியாது. என்றாலும், பயமும் தூரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை சமோவா இன்னும் கொடூரமாகக் காட்டியது. 2018இல் அந்தத் தீவு நாட்டில், தடுப்பூசித் தூளைக் கரைக்கத் தண்ணீருக்குப் பதில் தசையைத் தளர்த்தும் மருந்தைச் செவிலியர்கள் தவறாகக் கலந்ததில் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசித் திட்டம் பல மாதங்கள் நின்றது, நம்பிக்கை சரிந்தது. மறு ஆண்டு தட்டம்மை வந்து, இரண்டு லட்சம் பேரே வாழும் நாட்டில் 83 உயிர்களைக் கொண்டுபோனது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். மருந்தில் குறையில்லை, கையாண்ட முறையில்தான் குறை என்பதை அந்தக் குடும்பங்கள் நம்பும்படி உரிய நேரத்தில் சொல்ல முடிந்திருந்தால் அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோதும் இதே பாடம்தான். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை, ஏறத்தாழ 1.76 கோடிப் பிள்ளைகளுக்குப் போடத் திட்டம். ஏற்கெனவே ஊசி போட்ட பிள்ளைக்கு மறுபடி ஏன் என்று பெற்றோர் கேட்டது நியாயமான கேள்வி. ஒன்பதாம் மாத ஊசி ஏறத்தாழ 85 சதவீதக் குழந்தைகளுக்கே பிடிக்கிறது, மிச்சமுள்ளவர்களுக்காகத்தான் அடுத்த ஊசி என்பது நேரான விடை. அந்த விடை வீட்டுக்கு வருமுன் வாட்ஸப்பில் வதந்தி வந்துவிட்டது. பிப்ரவரியில் முடியவேண்டிய முகாம் மார்ச்சுக்கு நீண்டது.

எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தால் நோய் காத்திருக்குமா என்று சுகாதாரத் துறையினர் கேட்பார்கள். நூற்றுக்கு 95 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் தட்டம்மை அடங்கும் என்பதால் அவர்கள் அவசரத்தில் பொருள் உண்டு. ஆனால் தட்டம்மை பரவத் தொடங்கிய பிறகு விளக்க நேரமில்லை என்பதே, அதற்கு முன்பு விளக்கியிருக்க வேண்டும் என்பதற்கான வாதம். இன்னொரு மறுப்பு வீடுகளிலிருந்து வருகிறது: அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைக்கும் மணல்வாரி வந்தது, எல்லோரும் பிழைத்தோமே. பிழைத்தவர்கள்தான் இதைச் சொல்ல முடிகிறது. தட்டம்மையில் உயிரை எடுப்பது பெரும்பாலும் அதைத் தொடரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும். பிழைத்த பிள்ளைக்கும், மற்ற நோய்களை எதிர்க்க உடம்பு அதுவரை சேர்த்துவைத்திருந்த நினைவில் ஒரு பகுதியை இந்தக் கிருமி அழித்துவிடுகிறது என்று 2019இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அதனால் அம்மை வார்த்த பிள்ளையை வேப்பிலையோடு வீட்டிலேயே வைத்திருப்பதும் போதாது. அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும்.

ஆபத்தைப் பற்றிப் பேசினால் பயந்துவிடுவார்கள் என்ற மறுப்பும் உண்டு. ஊசிக்குப் பின் காய்ச்சல் வரலாம், லேசான தடிப்பு வரலாம், மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை நேரலாம், அதற்காகவே அரை மணி நேரம் இருக்கச் சொல்கிறோம் என்று முன்கூட்டிச் சொன்னால், காய்ச்சல் வரும் இரவில் அந்தத் தாய் வதந்தியை நம்ப வேண்டியிருக்காது. ஊசி நாளான புதன்கிழமை ஊசி போடப் போகும் பெற்றோர் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்று உண்டு. கரைத்த தட்டம்மை மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. கரைத்த நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுத வேண்டும் என்பது விதி. "எத்தனை மணிக்குக் கரைச்சீங்கம்மா?" என்று செவிலியரிடம் கேட்டு, அந்தக் குப்பியை வாங்கிப் பார்க்கலாம்.