பீனால் ஈதர்: ஒரு பெயரின் சரித்திரம்

அறுவை சிகிச்சையில் புண்கள் அழுகாதிருக்கும் மார்க்கத்தை உலகுக்குக் கற்பித்த ஜோசப் லிஸ்டர் பிறந்தது, லண்டனின் கிழக்கே ஃபாரஸ்ட் கேட்டை ஒட்டிய அப்டன் என்னும் ஊரில், 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி. 1865இல் கிளாஸ்கோ நகரில், எலும்பு முறிந்த சிறுவனொருவனின் புண்ணில் அவர் இட்ட கார்பாலிக் அமிலமே ரஸாயன நூலோர் பீனால் என்று வழங்கும் வஸ்து. அதன் வாரிசுகளாகிய ஈதர்களின் பெயர்களை ஆராய அந்தச் சிகிச்சையினும் தக்க தோற்றுவாய் இல்லை.

விளக்கெரிக்கும் வாயுவிலிருந்து கிடைத்த எண்ணெயில் ஃபாரடே 1825இல் லண்டனில் பிரித்தெடுத்த பென்சீனுக்கு, 1836இல் லோரான் என்ற பிரெஞ்சு அறிஞர், 'ஒளிர்தல்' எனப் பொருள்படும் கிரேக்க வேரினின்று 'ஃபேன்' என்று நாமகரணம் செய்தார். அப்பெயர் பென்சீனிடம் தங்காமல், 1834இலேயே ரூங்கே என்ற ரஸாயன அறிஞர் நிலக்கரித் தாரில் கண்டிருந்த அமிலத்தைச் சென்றடைந்து பீனால் ஆயிற்று. 'ஈதர்' என்பதும் கிரேக்கமே. வானின் மேற்பகுதியைக் குறித்த அச்சொல், எளிதில் ஆவியாகும் திரவத்துக்கு ஆகிவந்தது.

ஆறு கார்பன் அணுக்களாலான வளையத்தில் பொருந்திய ஆக்ஸிஜன், தன்னோடிருந்த ஹைட்ரஜனை இழந்து அவ்விடத்தில் மீத்தைல் தொகுதியை ஏற்றால், பீனாலின் அமிலத்தன்மை நீங்கி ஈதர் பிறக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த வில்லியம்சன் 1850இல் வெளியிட்ட முறைப்படி, சோடியம் பீனாக்ஸைடை மீத்தைல் அயோடைடுடன் வினைபுரியச் செய்து இதனைப் பெறலாம். எதிர்மாறாக, புரோமோபென்சீனைக் கொண்டு தொடங்கினால் வினை எளிதில் நிகழாது; வளையத்தைப் பற்றிய பிணைப்பு அத்தனை உறுதியானது. ஹைட்ரஜன் அயோடைடு இந்த ஈதரைப் பிளக்கும்போதும் அப்பிணைப்பு அறாமல், மீத்தைல் பக்கமே அறுந்து, பீனால் மீளுகிறது.

இந்த ஈதரின் பெயர் அனிசோல். சோம்பின் இனமான அனிஸ் விதையோடு உறவுடைய அமிலத்திலிருந்து காவூர் என்ற ரஸாயன அறிஞர் 1841இல் இதனைத் தயாரித்தமையால் அப்பெயர் வந்தது. பீனாலின் ஈற்று 'ஆல்' ஆல்கஹாலைச் சுட்ட, அனிசோலின் ஈற்று 'ஓல்' லத்தீனில் எண்ணெயைக் குறிக்கும் 'ஓலியம்' என்பதன் எச்சமாகும்; ஒலியால் நெருங்கிய இவ்விரண்டையும் மாணவர் ஒன்றெனக் கொள்ளலாகாது.

நம் இல்லங்களில் இக்குடும்பம் பழைய விருந்தாளி. சோம்பின் மணம் அனெத்தோல். வெனிலாவின் மணம் வெனிலின். யாழ்ப்பாணத்தார் கராம்பு என்றும் தமிழகத்தார் கிராம்பு என்றும் சொல்லும் இலவங்கத்தின் சாரமான யூஜினால், ஒரே மூலக்கூறில் பீனாலாகவும் ஈதராகவும் நிற்கும் விசேஷம் உடையது. துத்தநாக ஆக்ஸைடுடன் குழைத்து அதனைப் பல் வைத்தியர்கள் குழியடைக்கப் பயன்படுத்துகின்றனர். கிராம்பு மரம் முன்பு யூஜீனியா என்ற இனத்தில் வைக்கப்பட்டதால், சவாய் வம்சத்து இளவரசர் யூஜீனின் பெயர் அதன்வழி நம் சமையலறைப் பொருளுக்குள் புகுந்தது.

வடிவத்தை உள்ளபடி உரைக்கும் மீத்தாக்ஸிபென்சீன் என்னும் பெயர் இருந்தும், சர்வதேச ரஸாயன சங்கத்தின் 2013ஆம் ஆண்டு விதிகள் அனிசோலையே முதன்மைப் பெயராக நிறுத்தி, அதன் தம்பியான பெனிட்டோலுக்கு அந்தப் பதவியை மறுத்து, எத்தாக்ஸிபென்சீன் என்பதை ஏற்றன.