சொட்டணும், ஓடக் கூடாது

பாறையை உருளையாக வெட்டியெடுக்கும் கோர் டிரில்லிங் ரிக்கில் ஹெல்ப்பராகச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை, வாட்டர் ஸ்விவலுக்குக் கிளாண்டு கயிறு மாற்றுவது. ராடு சுற்றும், ஹோஸ் சுற்றாது. அந்த இரண்டும் சேருமிடம்தான் ஸ்விவல். அங்கே தண்ணீர் ஓடிவிட்டால் அடியிலுள்ள வைர பிட்டுக்குப் போதாது. தூள் மேலே வராது, பிட் கருகிவிடும்.

கிராஃபைட் பூசிய சதுரக் கயிற்றைச் சாய்வாக வெட்டி, வளையம் வளையமாக இறக்க வேண்டும். ஒன்றின் வாய் அடுத்ததன் வாய்க்கு நேரே வரக் கூடாது. அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் ஒரு துளிகூடக் கசியக் கூடாதென்று நட்டை இறுக்கித் தொலைத்தேன். கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை. கழற்றிப் பார்த்தால், கயிற்றுக்குள் சுற்றும் ஸ்லீவில் நகம் மாட்டுகிற பள்ளம். “சொட்டணும்டா, ஓடக் கூடாது” என்றார் டிரில்லர் அண்ணன். அந்தச் சொட்டுதான் கயிற்றைக் குளிர்விக்கிறது.

வைர பிட் 1860களில் சுவிட்சர்லாந்துக்காரர் லெஷோ கொண்டுவந்தது. 1890இல் அமெரிக்காவின் மெசாபி இரும்பு வயலில் லாங்இயர் அதைக் கொண்டு கோர் எடுத்தார். அந்தக் காலத்து நீராவி இயந்திரங்களில் கசிவை அடைத்தது சணலும் மாட்டுக் கொழுப்பும்தான்.

இறுக்காமலே அடைக்கும் வித்தை வைர பிட்டுக்கும் முந்தியது. 1795இல் இங்கிலாந்துக்காரர் பிராமா காப்புரிமை பெற்ற நீரழுத்தப் பிரஸ்ஸுக்குக் கிண்ணம்போல் வளைத்த தோல் வாசரைப் போட்டவர், அவரிடம் வேலை பார்த்த மாட்ஸ்லே என்பார்கள். அழுத்தம் ஏற ஏறத் தண்ணீரே வாசரின் உதட்டைச் சுவரோடு ஒட்டவைக்கும். நம் தெருக் கைப்பம்பிலும் முன்பு இதே தோல் வாசர்தான். காய்ந்து கிடந்தால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போமே, தோல் ஊறினால்தான் உதடு பிடிக்கும்.

தோலின் இடத்துக்கு ரப்பர் வந்தது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டன்சன், வளையத்தைவிடச் சற்றே அகலமான காடிக்குள் ரப்பர் வளையத்தை உட்காரவைத்தார். 1937இல் விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 72. 1939இல் காப்புரிமை கிடைத்தது. எங்கள் ரிக்கின் ஹைட்ராலிக் சிலிண்டரைப் பிரித்தால் கையில் ஒட்டுகிற ஓ-ரிங் அதுதான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு அந்த உரிமையை எடுத்துக்கொண்டு 75,000 டாலர் கொடுத்தது. அது போதாதென்று நடந்த வழக்கில் இன்னும் ஒரு லட்சம் டாலர் வந்தபோது வருடம் 1971. கிறிஸ்டன்சன் இறந்து 19 வருடம் ஆகியிருந்தது.