முட்டைக்குப் பின்னால் ஒரு நெடி!

ஜவ்வாது மலை அடிவாரத்து ஆலங்காயத்தில் வீட்டு முற்றத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இன்றும் உண்டு. அங்கே யாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பதில்லை. எச்சம் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்து வெயிலில் காய்ந்துவிடும்.

ஆனால் பள்ளிச் சத்துணவுக்கு வரும் முட்டையின் கதை வேறு. தமிழகச் சத்துணவு முட்டைகள் பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் இருந்தே வருகின்றன. அங்கே ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகள். மேலே கூண்டு, கீழே எச்சக் குவியல். மழைக்காலத்தில் குவியல் ஈரமானால் உள்ளே நுழைபவரின் கண் எரியும். அந்த நெடிதான் அம்மோனியா.

இந்த வாயுவை 1774இல் ஜோசப் பிரீஸ்ட்லி தனியாகப் பிரித்தெடுத்தார். சரி, கோழி எச்சத்தில் இது எப்படி வருகிறது? கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. உடலில் மிஞ்சும் நைட்ரஜன், யூரிக் அமிலமாக எச்சத்தோடு வெளியேறுகிறது. எச்சத்தில் தெரியும் வெள்ளைப் பகுதி அதுதான். பாக்டீரியாக்கள் அதை யூரியாவாக்கி, பிறகு யூரியேஸ் என்ற நொதியால் அம்மோனியாவாக மாற்றுகின்றன. இந்த நொதியை அவரை இனப் பயிர் ஒன்றின் விதையில் இருந்து 1926இல் படிகமாக்கிய ஜேம்ஸ் சம்னர், 1946இல் நோபல் பரிசு பெற்றார்.

இப்போது ஒரு சின்ன கணக்கு. ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். அதில் 17 சதவீதம் புரதம் என்றால், அதற்குள் ஏறக்குறைய 3 கிராம் நைட்ரஜன். ஒரு முட்டைக்குள் போவது சுமார் 1 கிராம்தான். மீதி பெரும்பாலும் எச்சத்தில்! அதாவது, காசு கொடுத்து வாங்கிய புரதம்தான் நெடியாகக் காற்றில் போகிறது.

இதற்கு முதல் தீர்வு வந்தது நெடியைக் குறைப்பதற்காக அல்ல என்பதுதான் வேடிக்கை. சோயாப் புண்ணாக்கில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதை ஈடுகட்டப் புரதத்தை அதிகமாகப் போட வேண்டியிருந்தது. 1922இல் மியூல்லர் கண்டறிந்த இந்த மெத்தியோனின், பின்னர் ஆலைகளில் தயாராகி மலிவானது. அதைத் தனியாகச் சேர்த்தால் மொத்தப் புரதத்தைக் குறைக்கலாம், தீவனச் செலவும் குறையும். ஒரு சதவீதப் புள்ளி புரதம் குறைந்தால் அம்மோனியா ஏறத்தாழ 10 சதவீதம் குறையும் என்பது பொதுவான கணிப்பு.

அடுத்து வந்தவை யூக்கா என்ற மெக்சிகோ பகுதிச் செடியின் சாறும், சியோலைட் என்ற கனிமமும். சியோலைட் தன் நுண்துளைகளில் அம்மோனியத்தைப் பிடித்து வைக்கும். ஜிப்சத்தைத் தீவனத்தில் சேர்த்து எச்சத்தின் காரத்தன்மையைக் குறைக்கும் முறையும் சோதிக்கப்பட்டது. காரம் குறைந்தால் அம்மோனியா வாயுவாகாமல் எச்சத்திலேயே தங்கும். எருவின் சத்தும் கூடும்.

பிறகு ஏன் எல்லோரும் இவற்றைப் போடுவதில்லை? மெத்தியோனின் பண்ணையாளரின் செலவைக் குறைக்கிறது. மற்றவை செலவைக் கூட்டுகின்றன. 1982 முதல் முட்டை விலையை தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவித்து வருகிறது. அந்த விலையில், நெடி குறைந்த பண்ணையின் முட்டைக்கு ஒரு பைசாகூடக் கூடுதல் இல்லை!

ஆனால் செலவை யாரோ ஒருவர் ஏற்கத்தானே வேண்டும்? இன்று அதை ஏற்பவர்கள் எச்சம் அள்ளும் தொழிலாளியும், பண்ணைக்குப் பக்கத்து வீட்டுக்காரரும், கண் எரிந்து மூச்சுக்குழாய் புண்ணாகும் கோழியும்தான். இது எந்தப் பண்ணையின் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படாத செலவு.

2010 முதல் சத்துணவில் வாரம் ஐந்து முட்டைகள். இவ்வளவு முட்டைக்கும் பணம் கொடுப்பது அரசு. கொள்முதல் விதியில் எடையைப் பார்ப்பது போலக் கொட்டகையின் காற்றையும் பார்த்தால், ஜிப்சமும் யூக்காவும் தானாகத் தீவனத்துக்குள் வந்துவிடும். ஆலங்காயத்துக் குழந்தையின் தட்டில் இருக்கும் முட்டை அப்போதும் அதே முட்டைதான். அதன் பின்னால் எரியும் கண்கள் மட்டும் குறைந்திருக்கும்.