சிவகாசி காலண்டரும் பெயர் போடாத கைகளும்

சிவகாசி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டாசுதான் ஞாபகம் வரும். "உங்க ஊர்ல வீட்டுக்கு வீடு வெடி இருக்குமாமே?" என்று என்னிடம் கேட்காத வகுப்புத் தோழர்கள் குறைவு. ஆனால் எங்கள் விஸ்வநத்தம் பக்கம் காலையில் ரோட்டில் நின்று பாருங்கள். பட்டாசு ஆபீஸுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஒரு பக்கம் போகும், பிரஸ்ஸுக்குப் பேப்பர் கட்டு ஏற்றிப் போகிற வண்டி இன்னொரு பக்கம் போகும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வண்டியைப் பற்றியது. குறிப்பாக, கம்ப்யூட்டரும் கேமராவும் வருவதற்கு முன்னால் ஒரு சாமி படம் எப்படிக் காலண்டர் ஆனது என்பது பற்றி.

தீப்பெட்டியில் தொடங்கிய கதை

1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தி தொடங்கியது. இது பலருக்கும் தெரிந்த கதை. அடுத்த கட்டம்தான் அதிகம் பேசப்படுவதில்லை.

தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் இருந்த காலம் அது. கடையில் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள், படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். எனவே தீக்குச்சி எவ்வளவு முக்கியமோ, மேலே ஒட்டுகிற படமும் அவ்வளவு முக்கியம். அந்த லேபிளை வெளியூரில் அச்சடித்து வரவழைத்தால் செலவும் அதிகம், தாமதமும் அதிகம். அதனால் 1920-களின் இறுதியிலேயே சிவகாசியில் லித்தோ அச்சகங்கள் வந்துவிட்டன. நமக்குத் தேவையான பொருளை வெளியில் வாங்காமல் நாமே தயாரித்துக்கொள்வதை பி.காம் பாடத்தில் 'பேக்வேர்டு இன்டக்ரேஷன்' என்று படிக்கிறோம். பாடப்புத்தகம் பார்க்காமலேயே நம் ஊர்க்காரர்கள் அதைச் செய்துவிட்டார்கள்!

மழை குறைவான, வறண்ட ஊர் என்பதும் உதவியது. காற்றில் ஈரம் இருந்தால் தீக்குச்சி மட்டுமா கெடும்? பேப்பரும் ஈரத்தை இழுத்து விரியும். ஒரே தாளில் பல நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கும்போது தாள் துளி விரிந்தாலும் படம் விலகிவிடும். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயில் அச்சுக்கு வரமானது.

கல்லில் அச்சடிப்பது எப்படி?

லித்தோ என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் கல் என்று பொருள். 1790-களின் இறுதியில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்த முறை இது. அவர் நாடகம் எழுதுகிறவர். தன் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சடிக்க வழி தேடித்தான் இதில் இறங்கினார்.

விஷயம் இதுதான். எண்ணெயும் தண்ணீரும் சேராது. வழவழப்பாகத் தேய்த்த ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைவார்கள். பிறகு அமிலம் கலந்த கோந்து பூசிக் கல்லைப் பக்குவப்படுத்துவார்கள். அதன்பின் கல்லைத் தண்ணீரால் நனைத்தால், வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளும், வரையாத இடம் தண்ணீரைக் குடிக்கும். மேலே அச்சு மை உருளையை ஓட்டினால் படத்தில் மட்டும் மை ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் தயார். பின்னாளில் கனமான கல்லுக்குப் பதில் துத்தநாகத் தகடு வந்தது.

இந்தியாவில் இந்த முறையில் சாமி படங்களைப் பிரபலமாக்கியவர் ரவிவர்மா. 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, ஜெர்மன் தொழில் வல்லுநர்களை வைத்து நடத்தினார். படங்கள் புகழ் பெற்றன, ஆனால் லாபம் வரவில்லை. சில ஆண்டுகளில் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரிடமே அச்சகத்தை விற்க வேண்டி வந்தது. அவர் திணறிய இந்த வியாபாரத்தில் பிறகு சிவகாசி நிலைத்து நின்றது.

கோவில்பட்டி ஸ்டுடியோ

அச்சகம் இருந்தால் போதுமா? படம் யார் வரைவது? அதற்கான பதில் பக்கத்திலேயே கோவில்பட்டியில் இருந்தது.

சி. கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் வரைந்தார். 1940-களின் தொடக்கத்தில் ஒரு நாடகக் குழுவோடு கோவில்பட்டிக்கு வந்தார். குழு கலைந்தது, இவர் ஊரிலேயே தங்கிவிட்டார். ஸ்ரீதேவி ஆர்ட் ஸ்டுடியோ பிறந்தது. டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், ராமலிங்கம், செண்பகராமன் எனச் சீடர்கள் சேர்ந்தார்கள். நாடகம் எழுதியவர் கண்டுபிடித்த அச்சு முறையில், நாடகத்துக்குச் சீன் வரைந்தவரின் சாமிகள் இறங்கின. அந்தப் படங்களில் சாமி நேராக நம்மைப் பார்க்கும், பின்னால் தூணும் திரையும் மேகமும் இருக்கும். மேடையைப் பார்ப்பது போலவே இருப்பது தற்செயல் இல்லை.

அந்த ஸ்டுடியோ படங்களில் குருவின் பெயரோடு சீடரின் பெயரும் சேர்ந்து வருவதுண்டு. எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம். ஆனால் படம் சிவகாசிக்கு வந்தபிறகு நடந்த வேலைக்குப் பெயர் கிடையாது.

பிரஸ்ஸுக்குள் ஒரு படம்

ஓவியம் பிரஸ்ஸுக்கு வந்ததும் லித்தோ ஆர்ட்டிஸ்டின் மேஜைக்குப் போகும். முதலில் அதன் கோடுகளை மட்டும் பிரதி எடுப்பார். எத்தனை நிறமோ அத்தனை கல்லிலும் அந்தக் கோடுகளை மங்கலாகப் பதிப்பார். ஏழெட்டு நிறம் சாதாரணம். பிறகுதான் உண்மையான வேலை. லட்சுமியின் கன்னத்தைப் பார்த்து, இதில் மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று கண்ணாலேயே பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கல்லிலும் அந்தந்த நிறத்துக்குரிய பங்கை மட்டும் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். அடர்த்தியான இடத்தில் நெருக்கமான புள்ளி, வெளிறிய இடத்தில் விலகிய புள்ளி.

இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, கல்லில் எல்லாம் இடம் வலமாக, கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். இரண்டு, மஞ்சள் கல்லில் வேலை செய்தாலும் வைக்கிற புள்ளி கறுப்பாகத்தான் இருக்கும். நிறம் ஆர்ட்டிஸ்டின் மனசுக்குள் மட்டும்தான். எல்லாம் முடிந்து ப்ரூஃப் அடித்துப் பார்க்கும்போதுதான் சாமியின் முகம் முதன்முதலாகத் தெரியும். ஒரு நிறம் ஒரு நூல் விலகினாலும் சாமிக்கு இரண்டு உதடு வந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு நிறத்தில் 10,000 படம் என்றால் 80,000 முறை தாள் மிஷினுக்குள் போய் வர வேண்டும். ஒவ்வொரு நிறமும் காய வேண்டும்.

வேலை முடிந்ததும் அந்தக் கல் என்ன ஆகும்? கல் விலை உயர்ந்தது, பத்திரப்படுத்திப் பூஜை செய்ய முடியாது. மணல் போட்டுத் தேய்த்துப் படத்தை அழித்து, அடுத்த படத்துக்குத் தயார் செய்வார்கள். நாள் கணக்கில் வைத்த புள்ளிகள் அத்தனையும் தண்ணீரோடு போய்விடும்.

ஆடி 18

காலண்டர் தொழிலுக்கு வருஷப் பிறப்பு ஜனவரி இல்லை, ஆடிப்பெருக்கு. அன்றைக்குத்தான் அடுத்த வருஷத்து மாதிரி ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஜவுளிக்கடைக்காரரோ நகைக்கடைக்காரரோ படத்தைத் தேர்வு செய்வார், அதன் கீழே அவர் கடைப் பெயர் ஏறும். இந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆக, ஒரு காலண்டரில் கடைக்காரர் பெயர் பெரிதாக இருக்கும், ஓவியர் பெயர் மூலையில் சிறிதாக இருக்கும், பிரஸ் பெயர் அடியில் இருக்கும். புள்ளி வைத்தவர் பெயர் எங்கும் இருக்காது.

பிறகு ஆஃப்செட் வந்தது. கேமராவும் ஃபில்டரும் சேர்ந்து எந்த ஓவியத்தையும் நான்கே நிறமாகப் பிரித்தன. 80,000 என்பது 40,000 ஆனது. அப்புறம் ஸ்கேனர், கம்ப்யூட்டர். வியாபாரக் கணக்கில் இது சரியான முடிவு, நான் முதலாளியாக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. மிஷின் பழசானால் தேய்மானம் என்று எழுதக் கணக்குப் புத்தகத்தில் இடம் இருக்கிறது. நிறத்தைக் கண்ணால் பிரிக்கத் தெரிந்த ஒரு மனிதரின் திறமை தேவையில்லாமல் போனால், அதை எழுதுவதற்கு எந்தப் பக்கத்திலும் இடம் இல்லை. ஏனென்றால் அது சொத்துக் கணக்கில் ஏறவே இல்லை.

இதே கல் அச்சு இன்று கலைக்கூடங்களில் உயிரோடு இருக்கிறது. தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் போன்ற அச்சுக்கலை ஓவியர்கள் அதில் பெயர் பெற்றிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பிரதியிலும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்து இடுவது வழக்கம். அதே எண்ணெயும் தண்ணீரும்தான். கையெழுத்து மட்டும்தான் வித்தியாசம்.

உங்கள் வீட்டுச் சாமி அறையில் தாத்தா காலத்துப் படம் ஏதாவது இருந்தால், ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். புள்ளிகள் வரிசை தவறாமல் சீராக இருந்தால் அது கேமரா பிரித்தது. ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, ஒன்று கொஞ்சம் தள்ளி என்று இருந்தால் அது ஒரு மனிதர் வைத்தது. கண்ணாடி உடைந்துவிட்டது, படம் மங்கிவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கல்லை அழித்துவிட்டார்கள். அந்தக் கைக்கு மிச்சம் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான்.